கடைசி வண்டியின் குச்சி

குச்சி சூடாக இருந்தது.

முழுக் குச்சியும் அல்ல. இரண்டு முனைகளும் பனியில் நனைந்த மூங்கிலுக்கு உரிய குளிர்ச்சியோடுதான் இருந்தன. நடுவில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் சூடு. வெங்காய லாரியின் டிரைவர் கண்ணாடியை இறக்கி, தூக்கம் கலையாத முகத்தோடு அதை நீட்டிவிட்டுப் போய்விட்டார். இன்ஜின் மூடி மேல் வைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே சூடான இடத்திலிருந்து விரல்களை நகர்த்தி முனையைப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ கக்கத்தில் இடுக்கி வைத்திருந்த சூடு அது. தம்பி அப்படித்தான் வைத்திருப்பான். ஒரு கையில் கொடி, ஒரு கையில் ஸ்டாப் போர்டு, குச்சி கக்கத்தில். கேட்டால், “கடவுள் மூணாவது கை குடுக்கலையேக்கா, நான் என்ன பண்ண?” என்பான்.

அவன் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இரண்டு ஊர்களுக்கு நடுவே மலையை வெட்டிப் போட்ட நெடுஞ்சாலை. அதை அகலப்படுத்துகிறோம் என்று பாறைக் கட்டிங்குக்குள் சாலையின் ஒரு பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். எதிரே ஒன்று வந்துவிட்டால் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கட்டிங் வளைந்து வளைந்து போவதால் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. இந்தப் பக்கம் போனுக்கு டவர் கிடைக்கும், அந்தப் பக்கம் கிடைக்காது. முதலில் வாக்கி டாக்கி கொடுத்தார்கள். மழையில் நனைந்து அது செத்துப் போனது. புதுசு வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அதனால்தான் இந்தக் குச்சி.

சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு மூங்கில். முனைகளில் வெளிச்சம் பட்டால் மின்னும் ரேடியம் டேப். குச்சி யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கத்து வண்டிகள் போகும். வரிசையில் கடைசியாகப் போகிற வண்டியிடம் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த முனையில் நிற்பவர் கையில் அது போய்ச் சேர்ந்தால், உள்ளே ஒரு வண்டியும் இல்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் அவர் தன் பக்கத்தை விடுவார். குச்சி வராமல் ஒரு சைக்கிளைக்கூட விடக் கூடாது. வந்துவிட்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. வேலை அவ்வளவுதான். புத்தி வேண்டாம், பொறுமை போதும்.

தம்பி குச்சியை ஒழுங்காக வாங்கிக்கொண்ட பிறகுதான் செத்தான். தடுப்புக் கோனை நகர்த்தக் குனிந்தபோது, வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத ஒரு கார் பனிக்குள் முந்திக்கொண்டு வந்தது. இந்த முனையில் இவளுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பக்கத்து வண்டிகள் வரவில்லை, குச்சியும் வரவில்லை. பீடி பிடிக்கப் போய்த் தொலைந்திருப்பான் என்று திட்டிக்கொண்டே நின்றாள். வெயில் ஏறும்வரை திட்டினாள். பிறகு யாரோ நடந்து வந்து சொன்னார்கள். அவன் கக்கத்திலிருந்து குச்சியை உருவ இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். நல்ல குச்சி என்பதால் கழுவிவிட்டு அதையே திரும்பக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த முனையில் நிற்பவள் அவன் பெண்டாட்டி. வேலையில் இருப்பவர்களுக்குத்தான் கேம்ப்பில் தகர அறை. சாவுக்கு வந்த தன் அம்மாவோடு ஊருக்குப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். புருஷன் நின்ற இடத்தில் நானே நிற்கிறேன் என்றாள். ஏழு மாத வயிறு. தலைக்கு மேல் வேலை கிடந்ததால் சூப்பர்வைசரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவர் செய்த ஒரே காரியம் பொம்மை வைத்ததுதான். வண்டிகள் மெதுவாக வரட்டும் என்று, இரும்புக் குழாயில் வைக்கோல் திணித்த சாக்கைக் கட்டி, தலைக்கு ஹெல்மெட் கவிழ்த்து, அந்த முனையில் நிறுத்தினார். அதற்குத் தம்பியின் ரேடியம் ஜாக்கெட்டையே போட்டுவிட்டார். ஜாக்கெட்டைக் கொடுங்கள் சார், நான் வைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் கேட்டாள். “கம்பெனி பொருள்மா” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு ஜாக்கெட், அவ்வளவே.

அன்று மதியம் தண்ணி லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கினார். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு இரண்டு முனைக்கும் நாள் முழுக்கப் போய்வருபவர். இரு பக்கத்துச் சேதியும் அவர் வாயில்தான் வரும்.

“என்னக்கா, உங்க பொம்மைக்கு மோட்டார் வெச்சிருக்கீங்களா? சொல்லவே இல்ல?”

“என்ன மோட்டார்?”

“கையத் தூக்குதே. காலையில நான் போறப்ப சும்மா டக்குன்னு தூக்கிக் காட்டுச்சு. நானும் பழக்கத்துல பிரேக்க அமுக்கிட்டேன்.”

“காத்துல ஆடியிருக்கும்.”

“காத்தா? இலை அசையலக்கா.” சிரித்தார். பிறகு பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டே நின்றார். “நான் ஒண்ணு சொல்வேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பொண்ண ஊருக்கு அனுப்பிடுங்க. பொம்மைகிட்ட பேசிட்டிருக்கு. பேசினாக்கூடப் பரவால்ல. நடுநடுவுல நிறுத்தி, ‘உம்’ கொட்டிக் கேக்குது.”

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் கட்டிங்கின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டிய பாறையிலிருந்து நீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்து ஓரம் நட்டிருந்த கம்பங்கள் வரிசையாக உள்ளே போய் வளைவில் மறைந்தன. எல்லாம் அவளும் தம்பியும் சேர்ந்து நட்டவை. வெறும் கம்பங்கள்தான் என்றாலும், ஒவ்வொன்றும் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் போலத்தான் இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தகர அறையில், தம்பி பெண்டாட்டியான சின்னவளின் வீங்கிய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“நாள் பூரா நிக்கறியே, நடுவுல உக்காரவாச்சும் உக்காரு.”

“உக்காந்தா எழுந்திரிக்கிறதுக்குள்ள நாலு வண்டி ஹாரன் அடிக்குது அண்ணி. அதவிட நிக்கறது மேல். ஒண்ணுக்குப் போறதுதான் தொல்லை. அரை மணிக்கு ஒரு தரம் முட்டுது. உங்க தம்பி புள்ளைக்கு என் வயித்துல வேற இடமே கெடைக்கல, அங்கதான் மிதிக்குது.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலேயே அவளுக்கு அது உறைத்தது.

“போறப்ப குச்சிய யார்கிட்ட குடுக்கற?”

சின்னவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“சொல்லுடி.”

“அவர்கிட்டதான்.”

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“கக்கத்துல செருகிட்டுப் போவேன். திரும்பி வந்து பாத்தா குச்சி இருக்காது. நின்ன வண்டியெல்லாம் போயிருக்கும். கடைசி வண்டில குச்சி போயிருக்கும். கோன் சரியா இழுத்து வெச்சிருக்கும். ஒரு தடவைகூடத் தப்பு நடக்கல அண்ணி. உங்களுக்கு ஒழுங்கா வந்துதானே சேருது?”

வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. சூடாக.

“டிரைவருங்க எவனாச்சும் எடுத்துட்டுப் போவான்” என்றாள். தன் குரல் தனக்கே தட்டையாகக் கேட்டது.

“ஆமா. இருக்கும்” என்றாள் சின்னவள், குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி.

“நாளைக்கே நீ உங்கம்மா வீட்டுக்குப் போற. காலையில முதல் பஸ். நானே ஏத்தி விடறேன்.”

“நான் போயிட்டா அவர் தனியா நிப்பார்.”

“அது வைக்கோல்டி!”

“வைக்கோலுக்கு எதுக்கு நீங்க பயப்படறீங்க?”

அவள் எண்ணெய்க் கையைப் பாவாடை ஓரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுகை வந்தால் நல்லது என்று இருந்தது. தம்பி செத்த அன்று வராதது இப்போதும் வரவில்லை.

“எனக்கு அவன் மேல பயமில்ல. என் கையில வளந்தவன். நீ அங்கேயே நின்னுடுவியோன்னுதான் பயம். அவனத்தான் காப்பாத்த முடியல. உன் வயித்துல இருக்கறதயாவது வெளிய, வெளிச்சத்துல, ஒரு ஆஸ்பத்திரியில பொறக்க விடு. உனக்குக் கோடி புண்ணியம்.”

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது பேசினாள்.

“பிரசவம் வரைக்கும்தான். அப்புறம் வந்துடுவேன்.”

“சரி.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். பஸ் அந்த முனையைத் தாண்டித்தான் போகணும். ஜன்னல சாத்திக்க. தாண்டற வரைக்கும் வெளிய பாக்காத. எனக்குச் சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணினாள். ‘அண்ணி மேல’ என்றாள்.

மறுநாள் காலையில் பனி அதற்கு முன் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. கையை நீட்டினால் விரல் மங்கியது. நிற்கிற வண்டியின் விளக்குகள் கரைந்து, மஞ்சள் கறைகளாகத் தொங்கின. டீசல் புகை மேலே போக வழியில்லாமல் தரையோடு படர்ந்து தொண்டையைப் பிடித்தது. வரிசையில் ஒரே ஒரு வண்டி, பஸ். அதன் முன் சீட்டில், ஜன்னலோரம், பச்சைச் சால்வையைத் தலையோடு போர்த்துக்கொண்டு சின்னவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. கண்ணாடியை ஒழுங்காகச் சாத்தியிருந்தாள்.

குச்சி அந்தப் பக்கம் இருந்தது. அது வர வேண்டும்.

அந்த முனைக்கு இன்று நானே போய் நிற்கிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவருக்கு முன்னே அங்கே இருந்தவன் இரவு ஷிப்ட்காரன். அவள் பொறுமையாக நின்றாள். கட்டிங்கின் உள்ளே இன்ஜின் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, வண்டிகள் பனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து அவளைத் தாண்டிப் போயின. அவற்றின் பின்னால் தண்ணி லாரி. அதற்கும் பின்னால் ஒரு பால் வண்டி. பால்காரர் கையை நீட்டினார். குச்சி.

சூடு. இந்த முறை நடுவில் மட்டும் இல்லை. பிடிக்கிற இடத்திலும்.

“அந்தப் பக்கம் யாருங்க நிக்கிறாங்க?”

“ஒரு பையன்தான்” என்றார் பால்காரர். “ஹெல்மெட் போட்டுக்கிட்டு. பேசவே மாட்டேங்கறான். நல்ல வேலைக்காரன்.”

தண்ணி லாரிக்காரர் இறங்கி அவள் பக்கம் வந்தார்.

“சூப்பர்வைசர் வந்துட்டாரா அங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

“யாரையும் காணோமே. நான் வந்தப்ப இவன் மட்டும்தான் இருந்தான்.” லாரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே இரவு ஷிப்ட்காரன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். “ஆள் வந்தாச்சு, ஜாக்கெட்டோட நிக்கிறாரு, நான் கெளம்பறேன்னு ஏறிட்டான். எனக்குப் பனியில எதுவும் தெரியலக்கா.”

அவள் போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

“சார், எங்க இருக்கீங்க?”

“கேம்ப்லதான். ஜீப் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, தள்ளிட்டிருக்கோம். ஏன்?”

“அந்த முனையில யாரும் இல்ல சார்.”

“குச்சி வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“வந்துச்சுல்ல? அப்ப யாரோ இருக்கான். விடும்மா. காலங்காத்தால பேயடிச்ச மாதிரி பேசிக்கிட்டு.”

பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கினார். உள்ளே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விடாவிட்டால் பஸ் நிற்கும். நின்றால் சின்னவள் இறங்கிவிடுவாள். இன்று இறங்கினால் பிறகு என்றைக்கும் ஏற மாட்டாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று. தம்பி ஒரு நாளும் தப்பாகக் குச்சி அனுப்பியதில்லை. உயிரோடு இருந்தபோதும் இல்லை. அவன் அனுப்பினால் வழி காலியாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

அதை நம்பினாள்.

தடுப்பை இழுத்து ஒதுக்கினாள். பின்னால் வேறு வண்டி இல்லாததால் பஸ்தான் கடைசி வண்டி. டிரைவரிடம் குச்சியை நீட்டினாள். “கியர் போடுவனா, இதப் பிடிப்பனா” என்று அவர் அதை வாங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் முன் சீட்டுப் பக்கம் நீட்டினார். “இந்தாம்மா, கொஞ்சம் வெச்சுக்க.”

சின்னவள் வாங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சால்வைக்குள் அவள் முகம் தெரிந்தது. குச்சியைத் தொட்டதும் அந்த முகத்தில் ஒரு மாற்றம். வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போடுகிறவர்களின் முகத்தில் வருமே, அப்படி.

“அத அவகிட்ட குடுக்காதீங்க! டிரைவர்! நிறுத்துங்க!”

பஸ் நகர்ந்துவிட்டது. அவள் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஓடினாள். சின்னச் சிவப்பு விளக்குகள் இரண்டும் வளைவில் திரும்பின. இல்லாமல் போயின.

இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தடுப்பை இழுத்து மூடினாள். தண்ணி லாரிக்காரர் டீ வாங்கி வந்து கொடுத்தார். அது கையிலேயே ஆறியது. அவள் கட்டிங்கின் சத்தங்களைப் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் உறுமல் தேய்ந்தது. நின்றது. மறுபடி கிளம்பியது. கியர் மாறி, தூரமாகப் போய்விட்டது. போய்விட்டது. அவளுக்கு மூச்சு திரும்பியது. அந்த முனையைத் தாண்டிவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது.

இந்தப் பக்கம் மெல்ல வண்டிகள் சேர்ந்தன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரிசை வந்தது. கார், கார், கட்டில் மெத்தை ஏற்றிய ஒரு வேன். வேன்காரர் வண்டியை நிறுத்தி இறங்கியே விட்டார். வயதானவர். கையில் குச்சி.

“நீங்கதான் இங்க பொறுப்பா? மனசாட்சி இருக்காம்மா உங்களுக்கெல்லாம்?”

“என்னங்க?”

“வயித்துப்புள்ளக்காரியப் போய் இந்தப் பனியில நிக்க வெச்சிருக்கீங்களே. என் மருமவளா இருந்தா உங்க ஆபீஸயே கொளுத்தியிருப்பேன்.” குச்சியை அவள் கையில் திணித்தார். “நல்ல வேளை, வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கிறாரு.”

அவர் போய்விட்டார். தண்ணி லாரிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் ஸ்டாப் போர்டை அவர் கையில் கொடுத்தாள். “குச்சி என்கிட்ட இருக்கு. அப்படின்னா ரெண்டு பக்கமும் வண்டி வராது. நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரையும் விடாதீங்க.”

“நானும் வரேன்க்கா.”

“நீங்க வந்தா இங்க யார் நிப்பாங்க?”

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கட்டிங்குக்குள் பனி வெளியே இருந்ததைவிடக் கெட்டியாக, அசையாமல், கொண்டுவந்து கொட்டி வைத்ததைப் போல இருந்தது. டார்ச் வெளிச்சம் அதில் இரண்டு எட்டுக்கு மேல் போகவில்லை, ஆனால் பள்ளத்து ஓரக் கம்பங்களின் ரேடியம் மட்டும் அந்த வெளிச்சத்தை எங்கிருந்தோ பிடித்து, ஒவ்வொன்றாக முழித்துப் பார்த்து, அவள் தாண்டியதும் அணைந்தது. பாறையில் நீர் சொட்டியது. அவள் செருப்புச் சத்தம் பாறையில் மோதி, கொஞ்சம் தாமதமாக, பின்னாலிருந்து வந்தது. முதல் வளைவு தாண்டியதும் பின்னால் நின்ற வண்டிகளின் சத்தம் அறுந்தது. இரண்டாம் வளைவில் ஒரு வாடை, நனைந்த வைக்கோலின் வாடை.

பிறகு பேச்சுக் குரல்.

ஆணும் பெண்ணும். தாழ்ந்த குரலில், வார்த்தை புரியாமல், ஒருவர் சொல்ல ஒருவர் ‘உம்’ கொட்டி, நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் படுத்துக்கொண்டு பேசுவதை எத்தனையோ இரவு கேட்டிருக்கிறாள். எரிச்சலோடு, ‘தூங்குங்கடா’ என்று சுவரைத் தட்டியிருக்கிறாள். தட்டினால் குரல் அடங்கும். அடக்கிக்கொண்ட சிரிப்பு மட்டும் கேட்கும்.

“தம்பி” என்றாள்.

குரல் அடங்கியது.

நடந்தாள். குச்சியை மார்போடு அணைத்துக்கொண்டாள். குச்சி என்னிடம் இருக்கிறது. யாரும் வர முடியாது. யாரும் வர முடியாது. வெளிச்சம். வண்டி விளக்குகள். அந்த முனை.

கார் ஒன்று முதலில் நின்றது. அதன் பின்னால் மங்கலாக ஒரு வரிசை. கார்க்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“அப்பாடா. எப்பம்மா விடுவீங்க?”

“இங்க... பஸ்ஸிலேர்ந்து ஒரு பொண்ணு இறங்கினாளா?”

“குச்சி குடுக்க இறங்கினாங்க. பஸ் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு அவங்க வரலன்னு போயிடுச்சு. இங்க வேலை செய்யறவங்கதானே? மெத்தை வேன விட்டது அவங்கதான்.”

“எங்க?”

“அதோ நிக்கிறாங்களே ரெண்டு பேரும்.” அவர் குரலில் சலிப்பு. “நான் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க.”

விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் இரண்டு உருவங்கள். உயரமானது ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக. அதன் தோளை ஒட்டி, கொஞ்சம் குட்டையாக, பச்சைச் சால்வையைத் தலையோடு போர்த்திய ஒன்று. காலடியில் துணிப்பை. இரண்டும் அவள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

“ஏய்” என்றாள். “வா. போலாம் வா.”

அசையவில்லை.

கிட்டே போனாள். சால்வை மேல் பனி முத்து முத்தாக நின்றிருந்தது. சின்னவளுக்கு அவளே பின்னிக் கொடுத்த சால்வை. தோளைத் தொட்டாள். சரசரத்தது. அழுத்தினாள். விரல்கள் உள்ளே போயின. வைக்கோல்.

சால்வையை விலக்கினாள். சாக்கு. வாயைப் புது நூலால் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தது.

“சீக்கிரம்மா” என்றார் கார்க்காரர் பின்னாலிருந்து. “ஆபீசுக்கு லேட் ஆகுது.”

கழுத்து, சாக்கு. கை, சாக்கு. தோளிலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள். எங்காவது தோல் தட்டுப்படும் என்று. எங்காவது. சதை, எலும்பு, ஏதாவது. மார்பு. வைக்கோல். அதற்குக் கீழே சால்வை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அங்கே கூடுதலாகத் திணித்திருந்தது. உருண்டையாக. இறுக்கமாக.

இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தாள்.

வைக்கோலுக்கு உள்ளே, ஒரு சின்னக் குதிகால் அளவுக்கு, ஏதோ ஒன்று அவள் கையை உதைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும்.